ஒரு வருடப் படிப்புக்கு எவ்வளவு கூலி?

பத்தாவது வரை படித்தவர், ஐந்தாவதோடு நின்றவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம், எந்த ஊர் டீக்கடையிலும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கூடுதல் பணம் படிப்பால் வந்ததுதானா என்று கேட்டால் சிக்கல். பத்தாவது வரை படிக்கவைத்த அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்திருக்கலாம். வேலைக்குச் சொல்லிவிட ஒரு மாமா இருந்திருக்கலாம். பையனே கெட்டிக்காரனாக இருந்து, படிக்காவிட்டாலும் நாலு காசு பார்த்திருப்பான். நிலம், மாமா, மூளை, படிப்பு எல்லாம் கலந்து ஒரே சம்பளக் கவரில் வருகின்றன. இதில் படிப்பின் பங்கை மட்டும் எப்படிப் பிரிப்பது?

மருந்தைச் சோதிப்பதுபோலச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி மீதிப் பேரை வீட்டில் நிறுத்த முடியாது. சில சமயம் ஓர் அரசாங்கமே, தான் சோதனை செய்கிறோம் என்று தெரியாமல், அதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்துவிடும். இந்தோனேசியாவில் அப்படித்தான் நடந்தது.

1973-ல் கச்சா எண்ணெய் விலை எகிறியது. எண்ணெய் விற்கும் நாடான இந்தோனேசியாவின் கஜானா நிரம்பியது. அதிபர் சுகார்த்தோவின் அரசு அதில் ஒரு பகுதியைத் தொடக்கப் பள்ளி கட்டுவதில் போட்டது. 1978-79க்குள் 61,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. ஒரு பள்ளிக்கு மூன்று ஆசிரியர், 120 பிள்ளைகள் என்பது கணக்கு. அதிபரின் ஆணையில் வந்ததால் அவற்றுக்கு ‘இன்ப்ரெஸ்’ பள்ளிகள் என்றே பெயர் நின்றுவிட்டது. எந்தப் பகுதியில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் அதிகமோ, அங்கே அதிகப் பள்ளிகள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 1973-ல் 69 சதவீதம் பேர் பள்ளியில் இருந்தார்கள். 1978-ல் அது 83 சதவீதம்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, 1995-ல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து எஸ்தர் டூஃப்லோ ஓர் ஆய்வு செய்தார். 2019-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் அவர். 2001-ல் வெளியான அந்த ஆய்வின் சூட்சுமம், கழித்தலுக்குள் ஒரு கழித்தல்.

ஓர் ஊரில் அண்ணன், தம்பி என்று வைத்துக்கொள்வோம். 1974-ல் அண்ணனுக்கு வயது 14. பள்ளி வந்தபோது அவனுக்குத் தொடக்கப் பள்ளி வயது தாண்டிவிட்டது. தம்பிக்கு வயது 4. பள்ளி அவனுக்காகவே வந்ததுபோல. நிலம் அதே, மாமா அதே. பெரியவர்களான பிறகு தம்பியின் சம்பளத்தையும் அண்ணனின் சம்பளத்தையும் ஒப்பிடலாம். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் நாடே மாறியிருக்கும். புதுப் பள்ளி வராத ஊரிலும் தம்பிகள் கொஞ்சம் முன்னேறியிருப்பார்கள். எனவே, பள்ளி குறைவாக வந்த ஊரின் அண்ணன்-தம்பி வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, பள்ளி அதிகம் வந்த ஊரின் வித்தியாசத்திலிருந்து கழித்துவிடலாம். மிச்சம் நிற்பது பள்ளியின் வேலை.

அப்படிக் கழித்தபோது, 1,000 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் சராசரிப் படிப்பு 0.12 முதல் 0.19 வருடம் கூடியது தெரிந்தது. சம்பளம் 1.5 முதல் 2.7 சதவீதம் உயர்ந்தது. எண்கள் பொடியாகத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் புதுப் பள்ளியால் கூடுதலாகப் படித்துவிடவில்லை, அது சராசரி. டூஃப்லோவின் மதிப்பீட்டின்படி, கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளம் ஏறக்குறைய 7 முதல் 11 சதவீதம் வரை உயர்ந்திருக்கிறது. மாமாவையும் நிலத்தையும் கழித்த பிறகும் படிப்புக்கென்று ஒரு கூலி இருக்கத்தான் செய்கிறது.

கதை இத்தோடு முடியவில்லை. டூஃப்லோவின் அடுத்த ஆய்வில் கசப்பான ஒன்று வெளிவந்தது. படித்த தம்பிகள் கூட்டமாக வேலைக்கு வந்த பகுதிகளில், அண்ணன்களின் சம்பள வளர்ச்சி மந்தமாகிவிட்டது. ஆட்கள் கூடிய வேகத்தில் தொழிற்சாலைகளும் இயந்திரங்களும் கூடவில்லை.

பெண் பிள்ளைகளின் விஷயம் இன்னும் விசித்திரம். பள்ளி வந்தும் பல சமூகங்களில் பெண்களின் படிப்பு அவ்வளவாகக் கூடவில்லை. கூடிய இடம், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணம் தரும் வழக்கமுள்ள சமூகங்கள். நம் ஊரில் முன்பு பரிசம் என்று சொன்னோமே, அதுபோல. படித்த பெண்ணுக்குப் பரிசம் கூடும். படிக்கவைத்த செலவு பெற்றோருக்கே திரும்பும். பள்ளிக் கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் கல்யாணச் சந்தை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பட்ஜெட் போடும்போது யார் யோசித்திருப்பார்கள்?

சரி, படிப்பு பணமாவது எந்த வழியில்? வயலைப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. 1960களின் நடுவில் குட்டை ரகக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. பழைய நெட்டை ரகத்துக்கு உரம் அதிகம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். புது ரகம் உரத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு அள்ளிக் கொடுக்கும், அளவும் நேரமும் சரியாக அமைந்தால். அந்த அளவு அப்பாவுக்குத் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். தொடக்கப் பள்ளி படித்த விவசாயி அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பொருளாதார ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் 1996-ல் காட்டியது இதைத்தான்: புது விதை நன்றாக வேலை செய்த பகுதிகளில் படிப்பின் பலன் கூடியது. புதிதாக எதுவும் நடக்காத ஊரில், படித்தவரும் படிக்காதவரும் ஒரே மாதிரி உழுது ஒரே மாதிரி அறுத்தார்கள்.

அப்படியானால் நேரடியாகத் தொழிலையே கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன? அரசுகளுக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். பலன் அவ்வளவு பிரமாதமில்லை. பல வளரும் நாடுகளின் பயிற்சித் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர் டேவிட் மெக்கென்சி 2017-ல் எழுதியது: பயிற்சி தரப்பட்ட 100 பேரில், பயிற்சியால் மட்டுமே வேலை கிடைத்தவர்கள் மூன்று பேருக்கும் குறைவு. வேலையே இல்லாத ஊரில் வெல்டிங் கற்றுக்கொடுத்தால் வெல்டிங் தெரிந்த வேலையில்லாதவர் கிடைப்பார்.

ஆனால் உகாண்டாவில் நடந்த ஒரு சோதனை, பயிற்சியை எங்கே தருகிறோம் என்பதும் முக்கியம் என்று காட்டியது. இளைஞர்களில் ஒரு பகுதியினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் வெல்டிங், தையல், மோட்டார் மெக்கானிக் மாதிரி வேலைகளைக் கற்றார்கள். வேறு சிலர் கடையிலும் பட்டறையிலும் முதலாளியிடமே கற்றார்கள். பட்டறையில் கற்றவர்கள் முதலில் வேகமாக வேலையில் அமர்ந்தார்கள், சம்பளமும் பார்த்தார்கள். போகப்போக நிலையத்தில் படித்தவர்கள் முந்தினார்கள். இந்த மாதிரி வேலைகள் நிலைப்பதில்லை. ஒன்று போனால் இன்னொன்று தேட வேண்டும். அப்போது நிலையத்தில் படித்தவர் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. அடுத்த முதலாளியிடம் நீட்டினார், சீக்கிரம் திரும்ப வேலை கிடைத்தது. பட்டறையில் கற்றவருக்குத் தொழில் தெரியும். ஆனால் அது பழைய முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.