பழைய பயண நூல் ஒன்றின் முழுமையைக் காகிதமே சொல்லும் விதம்

1660-ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் இழந்து திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியிருந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரும், அவருடைய மகன் ராபர்ட் நாக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைக் கண்டி நாட்டு ஊர்களில் கழித்தபின், 1679-இல் காட்டு வழியாகத் தப்பி, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல், அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் முன்னுரையோடு, ராயல் சொசைட்டி என்ற ஆங்கில அறிவியல் கழகத்தின் அச்சாளரான ரிச்சர்ட் சிஸ்வெல் வழியாக 1681-இல் லண்டனில் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி எழுத முற்படும் எவரும் இன்றும் அந்நூலைத் தாண்டிச் செல்ல முடியாது.

அந்த முதற்பதிப்பின் படி ஒன்று இன்று ஒருவர் கைக்கு வருகிறது என்று கொள்வோம். நடுவில் ஒரு தாள் கிழிந்து போயிருக்கலாம். நிலப்படம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கலாம். தலைப்புப் பக்கம் வேறொரு படியிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாக இருக்கலாம். இவற்றையெல்லாம் கண்டறிந்து, நூலைப் பார்க்காத ஒருவருக்கும் அது எப்படி இருக்கிறது என்று தெரியும்படி எழுதுவதே அரிய நூல் விவரிப்பு என்னும் துறையின் வேலை. இதற்கு ரசனையும் அனுபவமும் உதவும் என்றாலும், அடிப்படையில் இது காகிதம் எப்படிச் செய்யப்பட்டது, எப்படி அச்சிடப்பட்டது, எப்படி மடிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளிலிருந்து விடை தேடும் ஓர் ஆய்வு முறையாகும்.

மடிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அக்கால அச்சாளர் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே அச்சிடவில்லை. ஒரு பெரிய காகிதத்தின் இரு புறங்களிலும் பல பக்கங்களை ஒரே நேரத்தில் அச்சிட்டு, பிறகு மடித்துத் தைத்தார். தமிழ்நாட்டு அச்சகங்களில் இன்றும் 'பதினாறு பக்கம் ஒரு பாரம்' என்று சொல்வதும், புத்தக அளவை, டெம்மி என்னும் காகித அளவை வைத்து, 'டெம்மி ஒன்றுக்கு எட்டு' என்று குறிப்பதும் இதே முறையின் தொடர்ச்சிதான். காகிதத்தை ஒருமுறை மடித்தால் இரண்டு தாள்களும் நான்கு பக்கங்களும் கிடைக்கும், அது ஃபோலியோ. இருமுறை மடித்தால் நான்கு தாள்கள், எட்டுப் பக்கங்கள் கொண்ட குவார்ட்டோ. மும்முறை மடித்தால் எட்டுத் தாள்கள், பதினாறு பக்கங்கள் கொண்ட ஆக்டேவோ. ஆகவே ஃபோலியோ என்பது பெரிய புத்தகம் என்று பொருள்படும் சொல் அன்று; அது மடிப்பின் பெயர். பைண்டர்கள் ஓரங்களை மீண்டும் மீண்டும் சீவியிருப்பதால், ஒரு நூலின் உயரத்தை மட்டும் அளந்து அதன் மடிப்பைச் சொல்லிவிட முடியாது.

மடிப்பைக் கண்டுபிடிக்கத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். அக்காலக் காகிதம், கம்பிகள் பின்னிய சல்லடைச் சட்டத்தில் துணிக்கூழை அள்ளி வடித்துச் செய்யப்பட்டது. கம்பிகளின் மேல் கூழ் மெல்லியதாகப் படிவதால், உலர்ந்த காகிதத்தில் அந்தக் கம்பிகளின் தடம் ஒளிக்கீற்றுகளாகத் தெரியும். நெருக்கமான மெல்லிய கோடுகளையும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் தடித்த கோடுகளையும் காணலாம்; தடித்தவற்றைச் சங்கிலிக் கோடுகள் என்பர். காகிதம் செய்தவர் தம் அடையாளமாகச் சட்டத்தின் ஒரு பாதியின் நடுவில் கம்பியை வளைத்துக் கட்டிய உருவமே நீர்க்குறி. ஃபோலியோவில் சங்கிலிக் கோடுகள் மேலிருந்து கீழாகச் செல்லும், நீர்க்குறி தாளின் நடுவில் இருக்கும். குவார்ட்டோவில் கோடுகள் படுக்கைவசமாகத் திரும்பிவிடும், நீர்க்குறி முதுகு மடிப்பின் நடுவில் பாதிப் பாதியாகப் பிரியும். ஆக்டேவோவில் கோடுகள் மறுபடியும் நிமிரும், நீர்க்குறியோ முதுகை ஒட்டிய மேல் மூலைக்குப் போய்விடும். ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் ஒரு பாதியில் வட்டம் வரைந்து மடித்துப் பார்ப்பவருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

இந்தக் கோடுகளின் உண்மையான பயன் மடிப்பின் பெயரைச் சொல்வதோடு முடிவதில்லை. ஃபோலியோவில் ஒரே காகிதத்தின் இரு பாதிகளான இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டால், ஒன்றில் முதன்மை நீர்க்குறி இருக்க வேண்டும். மற்றதில் இருக்கக் கூடாது. அதில் எதிர்க்குறி என்னும் சிறு அடையாளம் வேண்டுமானால் இருக்கலாம். இணைத் தாள்களாக இருக்க வேண்டிய இரண்டிலும் முதன்மைக் குறி இருந்தால், அவற்றுள் ஒன்று வேறெங்கிருந்தோ வந்தது என்பது பெரும்பாலும் உறுதி. தலைப்புப் பக்கம் தொலைந்த ஒரு படிக்கு, சிதைந்த இன்னொரு படியிலிருந்து தலைப்புப் பக்கத்தைப் பெயர்த்து ஒட்டும் வழக்கம் நூல் வணிகத்தில் நெடுங்காலமாக உண்டு. ஒட்டுப் போட்டதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம்.

அடுத்து பாரங்களின் வரிசை. பாரம் என்பது இங்கே ஒன்றாக மடித்துத் தைத்த தாள்களின் கட்டு. மடித்த பாரங்களைப் பைண்டர் தவறின்றி அடுக்குவதற்காக, ஒவ்வொரு பாரத்தின் முதல் தாள்களின் அடியிலும் அச்சாளர் ஒரு எழுத்தை இட்டார். ஏ, பி, சி என்று தொடரும் அந்த வரிசையில் 26 எழுத்துகள் இல்லை, 23 மட்டுமே. பழைய லத்தீன் வழக்கப்படி ஐ-யும் ஜே-யும் ஒன்றாகவும், யு-வும் வி-யும் ஒன்றாகவும் கொள்ளப்பட்டன, டபிள்யூ இடம்பெறவில்லை. இசட் முடிந்ததும் எழுத்துகள் இரட்டிக்கும். நூலின் உடல் பெரும்பாலும் பி-யில் தொடங்கும். காரணம், தலைப்புப் பக்கம், காணிக்கையுரை, முன்னுரை ஆகியவை கடைசியில் அச்சிடப்பட்டதால் அவற்றுக்காக ஏ ஒதுக்கி வைக்கப்பட்டது. விவரிப்பாளர் இந்த எழுத்துகளையும் ஒவ்வொரு பாரத்தின் தாள் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு வாய்பாடாக எழுதுகிறார். 'பி முதல் இசட் வரை, நான்கு நான்காக', அதாவது பாரத்துக்கு நான்கு தாள்கள், என்றால் 22 பாரங்கள், 88 தாள்கள், 176 பக்கங்கள். கையில் உள்ள படியில் 87 தாள்கள் இருந்தால், குறைவது எந்தப் பாரத்தின் எந்தத் தாள் என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். பக்க எண்களை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. பதினேழாம் நூற்றாண்டு நூல்களில் பக்க எண்கள் தவறுவதும் தாவுவதும் சாதாரணம். 104-க்குப் பிறகு 107 வந்தால் ஒரு தாள் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை, பாரத்தை எண்ணினால் போதும்.

சில வேளைகளில் வாய்பாட்டுக்கு மாறாக, ஒரு தாள் வெட்டப்பட்டு அதன் குறுகிய ஓரம் மட்டும் தையலில் நிற்க, அதன்மேல் வேறொரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். அச்சு முடிந்தபின் பிழையோ வம்பான வரியோ கண்ணில் பட்டதால், பதிப்பாளரே நீக்கி மாற்றிய தாளாக அது இருக்கக்கூடும். இதைக் குறை என்று எழுதினால் தவறு. அச்சாளர் வெளியிட விரும்பிய முழு வடிவம் எது என்பதைப் பல படிகளை ஒப்பிட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரு தனிப் படியின் நிறைகுறையைத் தீர்மானிக்க முடியும். இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்க அறிஞர் ஃபிரெட்சன் பவர்ஸ். அவருடைய நூல் 1949-இல் வந்தது. 1801-க்கு முன் அச்சான ஆங்கில நூல்களைப் பட்டியலிடும் பெரிய நூற்பட்டி ஒன்றும் இன்று இணையத்தில் ஒப்பீட்டுக்குக் கிடைக்கிறது.

பயண நூல்களின் பெரிய சிக்கல் படங்களில் உள்ளது. எழுத்துகளை உலோக அச்செழுத்துகளால் ஓர் இயந்திரத்தில் அச்சிட்டனர். படங்களையும் நிலப்படங்களையும் செப்புத்தகட்டில் செதுக்கி, உருளை அழுத்தும் வேறோர் இயந்திரத்தில் தனித் தாள்களில் எடுத்தனர். அந்தத் தாள்கள் பாரங்களுக்குள் அடங்காதவை. ஆகவே பாரங்களின் வாய்பாடு சரியாக இருந்தும் படங்கள் காணாமல் போயிருக்கலாம். நாக்ஸின் நூலில் மடிப்பு நிலப்படம் ஒன்றும் 15 படத்தாள்களும் இருக்க வேண்டும். யானையைக் கொண்டு மரண தண்டனை நிறைவேற்றும் காட்சியும் அவற்றுள் ஒன்று. சில படிகளில் இவற்றோடு நாக்ஸின் உருவப்படம் ஒன்றும் சேர்ந்திருக்கும். ஆனால் ராபர்ட் ஒயிட் செதுக்கிய அந்தப் படத்தின் ஆண்டு 1695. நூல் வந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு செய்யப்பட்ட படம் 1681-ஆம் ஆண்டுப் படிக்குள் இருப்பது பிற்காலச் சேர்க்கைதான். அது இருப்பது மகிழ்ச்சி; இல்லாதது குறை ஆகாது.

கேப்டன் குக்கின் மூன்றாம் பயண வரலாறு 1784-இல் மூன்று குவார்ட்டோ தொகுதிகளாகவும், படங்களுக்கென ஒரு தனி ஃபோலியோ தொகுதியாகவும் வெளிவந்தது. அளவு வேறுபட்டதால் பெரிய தொகுதி வேறு அலமாரிக்குப் போய், பிறகு வேறு வீட்டுக்கும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த மதகுருவாகப் பணியாற்றிய பிலிப்பஸ் பால்தேயுஸ் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட ஃபோலியோவுக்கு நேர்ந்த ஆபத்து வேறு. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றின் நிலப்படங்களும் ஊர்க் காட்சிகளும் நிறைந்த அதில் தமிழ் மொழிக்கு ஒரு சிறு அறிமுகமும் உண்டு. அத்தகைய நூலின் படங்களைத் தனித்தனியே சட்டமிட்டு விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால் எத்தனையோ படிகள் கத்திக்கு இரையாயின. 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு சிறு கத்தி அலகிலிருந்துதான், பல நூலகங்களிலிருந்து கிட்டத்தட்ட 100 நிலப்படங்களைத் திருடிய வணிகர் ஒருவர் பிடிபட்டார். எந்த நூலகப் படியில் என்னென்ன படங்கள் இருந்தன என்ற துல்லியமான விவரிப்பு இருந்தால்தான் திருட்டை நிறுவவும் முடியும், மீட்டதை உரிய இடத்தில் சேர்க்கவும் முடியும்.

படம் அசலா, பின்னாளில் பிரதி எடுத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். செப்புத்தகடு ஈரக் காகிதத்தில் பெரும் அழுத்தத்தோடு பதிவதால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு ஒரு பள்ளமாக விழும். விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் அந்தப் பள்ளமும், சற்றே மேடாக நிற்கும் மைக்கோடுகளும் தெரியும். ஒளிப்பட முறையில் எடுத்த பிரதியில் இரண்டும் இருக்காது. புற ஊதா விளக்கு இன்னொரு துணை: இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் அதன் ஒளியில் நீலவெண்மையாக ஒளிரும், பழைய துணிக்காகிதம் மங்கியே இருக்கும். காகிதத்தின் நார் பொய்யை அம்பலப்படுத்திய புகழ்பெற்ற நிகழ்வு 1934-இல் நடந்தது. ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரு ஆங்கில நூல் வணிகர்கள், கவிஞர்களின் அரிய முதற்பதிப்புகள் என்று விலைபோன சிறு நூல்களின் காகிதத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். 1861-க்கு முன் இங்கிலாந்தில் காகிதத்துக்குப் பயன்படாத எஸ்பார்ட்டோ புல்லும், அதற்கும் பின் வந்த மரக்கூழும், தலைப்புப் பக்கத்தில் அதற்கு முந்தைய ஆண்டுகளைக் காட்டிய நூல்களில் இருந்தன. தலைப்புப் பக்கத்தின் ஆண்டு பொய் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

நூலின் உடல்நிலையைச் சொல்வதில் அளவறிந்த நேர்மை வேண்டும். பழுப்புப் புள்ளிகளுக்குப் பூஞ்சையும் காகிதத்தில் சிக்கிய இரும்புத் துகள்களும் காரணமாகக் காட்டப்படுகின்றன. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் பகுதிகளில் அவை விரைவாகப் பெருகும். இராமபாணப் பூச்சி காகிதத்தின் மேற்பரப்பையும் பசையையும் சுரண்டித் தின்னும். வண்டின் புழுவோ அட்டையிலிருந்து அட்டை வரை துளைத்துச் செல்லும். கையால் வண்ணம் தீட்டிய நிலப்படங்களில் செம்பிலிருந்து செய்த பச்சை நிறம் காலப்போக்கில் காகிதத்தையே அரித்து, கடற்கரைக் கோட்டை ஒட்டி விரிசல் உண்டாக்கும். ஆனாலும் 1681-ஆம் ஆண்டுத் துணிக்காகிதம், 1890-ஆம் ஆண்டு மரக்கூழ்க் காகிதத்தைவிடப் பெரும்பாலும் உறுதியாக இருப்பதைக் காணலாம்; பின்னதில் தங்கிய அமிலம் அதை உள்ளிருந்தே நொறுக்குகிறது.

முன்னைய உடைமையாளர்களின் கையெழுத்தை அழுக்கு என்று கருதி அழிப்பவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. நாக்ஸ் தம் சொந்தப் படியில் அச்சுத் தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைக்கச் செய்து, திருத்தங்களையும் புதிய செய்திகளையும் தம் கையாலேயே எழுதி வந்தார். அவர் காலத்தில் இரண்டாம் பதிப்பு வரவில்லை. அந்தக் குறிப்புகளைச் சேர்த்த பதிப்பு 1989-இல்தான் இலங்கையில் வெளிவந்தது. கிறுக்கல் நிறைந்த படி என்று யாரேனும் அந்தத் தாள்களைக் கழற்றி எறிந்திருந்தால் அவை நமக்குக் கிடைத்திருக்காது.

இனி, நாக்ஸின் நூலுக்கு ஒரு விவரிப்பு எப்படி அமையலாம் என்பதற்குக் கற்பனையான மாதிரி ஒன்று: 'லண்டன், ரிச்சர்ட் சிஸ்வெல், 1681. முதற்பதிப்பு. ஃபோலியோ. பாரங்கள் எண்ணப்பட்டன, அச்சுத் தாள்கள் அனைத்தும் உள்ளன. தலைப்புத் தாள் வேறொரு படியிலிருந்து வந்தது. நீர்க்குறி இணைத் தாளோடு பொருந்தவில்லை. மடிப்பு நிலப்படம் உண்டு, மடிப்பு ஒன்றில் பின்புறம் ஒட்டிப் பழுதுபார்க்கப்பட்டுள்ளது. 15 படத்தாள்களில் 14 அசல். ஒன்று பிற்காலப் பிரதி, தகட்டு விளிம்பு இல்லை. 1695-ஆம் ஆண்டு உருவப்படம் பின்னர் சேர்க்கப்பட்டது. கடைசி மூன்று பாரங்களின் அடி ஓரத்தில் புழுத்துளை, எழுத்தைத் தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோல் பைண்டிங். முன் வெற்றுத்தாளில் பழைய உடைமையாளர் ஒருவரின் கையெழுத்து, அப்படியே விடப்பட்டுள்ளது.'