குரோமியத்துக்குக் கை கொடுக்கும் மூலக்கூறுகள்

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் குரோமியம் உப்பால் (குரோம்) பதனிட்ட தோலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துண்டைத் தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். பிறகு துண்டைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, மீண்டும் அதே கோட்டின்மேல் வைப்பார்கள். சுருங்கியிருந்தால் குரோம் சரியாகப் பிடிக்கவில்லை.

பச்சைத் தோல் 60 டிகிரி சொச்சத்திலேயே சுருண்டுவிடும். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன்: மூன்று இழைகள் முறுக்கிய கயிறு, நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5. சூடு ஏறினால் முறுக்கு அவிழ்கிறது. இழைகளின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்பாக்சில் (அமிலத் தொகுதி) கைகளைக் குரோமியம் பற்றிக்கொண்டு பக்கத்து இழையோடு பிணைத்துவிட்டால், 100 டிகிரியிலும் கயிறு அசையாது. காலில் கிடக்கும் குரோம் தோல் செருப்பு, உலோகம் கலந்த பாலிமர்தான், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிதான்.

இதில் என்னை மிகவும் கவர்வது தோலைச் சுழற்றும் டிரம்மில் நடக்கும் தந்திரம். குரோமை ஊற்றும்போது பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 3-ஐ ஒட்டி இருக்கும். அந்த அமிலத்தில் பெரும்பாலான கைகளை ஹைட்ரஜன் அடைத்துக்கொண்டிருப்பதால், குரோமியம் வழியில் சிக்காமல் தோலின் நடுவரை ஊடுருவும். பிறகு சோடா உப்பு சேர்த்து பிஎச்சை 4 அருகே கொண்டுவருவார்கள். கைகள் விடுபட்டுக் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு முதலிலேயே சோடாவைப் போட்டால் மேல்தோல் மட்டும் பதமாகும், நடு பச்சையாகவே நிற்கும்.

ஆனாலும் வழக்கமான முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குரோமியம் பிடிபடாமல் கழிவுநீரோடு போகிறது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குரோமியத்தையும் பிடிக்கக் கைகளைக் கூட்ட முடியுமா?

சாதாரண பாலிமர் பனைமரம் மாதிரி, கிளையில்லாமல் நீளும். 1985-ல் வேதியியலாளர் டொனால்ட் டொமாலியாவின் குழு வெளியிட்ட டென்ட்ரிமர் என்னும் கிளைத்த பாலிமர் வேம்பு மாதிரி. ஒவ்வொரு முனையும் இரண்டாகக் கிளைக்கும். எத்திலீன் டைஅமீனில் தொடங்கினால் முதலில் 4 முனைகள், பிறகு 8, 16, 32. நான்காம் தலைமுறையில் 64. இத்தனையும் சுமார் 4.5 நானோமீட்டர் உருண்டைக்குள்!

உள்ளே இடுக்குகளும் உண்டு. 1998-ல் வேதியியலாளர் ரிச்சர்ட் குரூக்ஸ் குழுவினர் அங்கே தாமிர அயனிகளைக் குடியேற்றி, பிறகு அவற்றை உலோகத் தாமிரமாக மாற்றினார்கள். நீலக் கரைசல் பொன்பழுப்பானது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு நானோ தாமிரத் துணுக்கு; கூடு சுற்றியிருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதில்லை. பின்னர் இதே வழியில் பல்லேடியத்தை வைத்து வினையூக்கிகளும் செய்தார்கள்.

தோலுக்கு வருவோம். கிளை முனைகளில் கார்பாக்சில் வைத்த மூலக்கூறுகளைக் கொலாஜனோடு இணைத்தால் குரோமியத்துக்கு உட்கார இடம் கூடும். ஆய்வகங்களில் முயன்றிருக்கிறார்கள். இடைஞ்சல் விலைதான்: டென்ட்ரிமரை ஒவ்வொரு தலைமுறையிலும் தனியே சுத்திகரிக்க வேண்டும், டிரம்மிலோ தோல் டன் கணக்கில் சுற்றுகிறது. அதனால் ஒரே பாத்திரத்தில் மலிவாகச் செய்யக்கூடிய, கோணல்மாணலாகக் கிளைத்த பாலிமர்கள் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது. அவற்றில் முனைகள் சரியாக 64 இருக்காது. குரோமியம் எண்ணிப் பார்ப்பதில்லை.