ஆபரேஷனுக்குக் காப்பீடு இருக்கிறது, பிசியோவுக்கு?

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்று அறுவை முடிந்து வாக்கரோடு வருகிறவர்களிடம், வலியை விசாரித்த கையோடு டிஸ்சார்ஜ் ஆன தேதியையும் கேட்டுவிடுவேன். காப்பீட்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.

பெரும்பாலான தனியார் பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு 60 நாள் தருவார்கள். சிலவற்றில் 90, 180. ஆஸ்பத்திரியில் படுத்த அதே நோய்க்கான பிசியோ பில்லை அதற்குள் கேட்கலாம். தோள்வலி, கழுத்துவலி என்று நேராக கிளினிக்குக்கு வந்தால், ஓ.பி.டி. கவர் (அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சைக்கான காப்பீடு) இல்லாமல் ஒரு பைசா பெயராது. பிசியோவுக்காகவே அட்மிட் ஆனாலும் பொதுவாகத் தரமாட்டார்கள்.

சென்னை காலடிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் அனுப்பிய க்ளெய்ம் திரும்பிவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'பிசியோ தொடரவும்' என்று மட்டும் இருந்தது. எந்தக் கால், எத்தனை வாரம், எதுவும் இல்லை. முன்பு போன இடத்தில் கொடுத்த பில்லோ, தேதிகூட இல்லாத துண்டுச் சீட்டு. எங்கள் ஆட்களிலும் சிலர் இப்படித்தான் எழுதித் தருகிறார்கள், சொல்ல வெட்கம்தான்.

"டாக்டரிடம் போய், எந்த மூட்டு, ஆபரேஷன் தேதி, வாரத்துக்கு எத்தனை சிட்டிங், எத்தனை வாரம் என்று லெட்டர் வாங்கிட்டு வாங்க தம்பி" என்றேன் மகனிடம். பழைய இடத்தில் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தேதி, கொடுத்த சிகிச்சை, கட்டணம், கையெழுத்து, முத்திரையோடு வரிசை எண் போட்ட ரசீது கேட்டு வாங்கச் சொன்னேன். மறுபடி அனுப்பினார், பெரும்பகுதி வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் அன்றே அந்த லெட்டரைக் கேட்டு வாங்கியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

"பத்து சிட்டிங்கை இருபதாப் போட்டுக் குடுங்க சார்" என்பவர்களும் உண்டு. அது மோசடி. பிடிபட்டால் பாலிசியே போய்விடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது மணலி, எண்ணூர் பக்கம் வேலை செய்பவர்கள்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் போகிறது, அப்படியிருந்தும் முதுகுவலிக்கு வட்டிக்கு வாங்கி வந்து கட்டுகிறார்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இருந்தால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுடையது, குடும்பத்துக்கும் சேர்த்து. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உதவித்தொகையாகவும் கிடைக்கும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பக்கவாதம் வந்தவரை தினமும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவது லேசான காரியமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவைக்குக் கைகொடுக்கும். வெளியே நாம் பார்த்துக்கொள்ளும் பிசியோவுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

தனியார் நிறுவனம் க்ளெய்மை மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.