ஆயிலில் மிதக்கும் டர்போ: பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கும் முன்

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊட்டிக்குப் போய்வந்தால் வண்டியை உடனே ஆஃப் செய்யக் கூடாது, இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும், இல்லாவிட்டால் டர்போ போய்விடும் என்கிறார் மெக்கானிக். இது உண்மையா? வேறு என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?"

மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள டர்போவுக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம், சக்தியும் கூடும். ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஆக்டேவியா ஆர்எஸ், இரண்டு லிட்டர் இன்ஜினிலிருந்து 230 குதிரைத்திறனை எடுப்பது இதனால்தான்.

இனி வேகத்தைப் பார்ப்போம். இந்த அளவுள்ள டர்போவின் அச்சு, முழு அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளைத் தாண்டும். 1,80,000 சுற்று என்றே வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 3,000 சுற்று. கம்ப்ரஸர் சக்கரத்தின் விட்டம் 5 செ.மீ. என்றால், அதன் விளிம்பு விநாடிக்கு 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகமே 340 மீட்டர்தான். அச்சின் தடிமன் சுமார் 7 மி.மீ. அதன் மேற்பரப்பு, தன்னைத் தாங்கும் புஷ் என்ற வளையத்தின் உள்ளே மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் வழுக்குகிறது. ஒரு பக்கம் டர்பைனில் 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை. மறுபக்கம் சாதாரண வெளிக்காற்று.

இந்த அச்சைத் தாங்குவது எது? பால் பேரிங் வைத்த டர்போக்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான கார்களில் இருப்பது வெறும் உலோக வளையம், புஷ். அதற்குள் அச்சு. நடுவில் இன்ஜின் ஆயில். அவ்வளவுதான். உலோகத்தோடு உலோகம் உரசினால் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஒழுங்காகப் பராமரித்த டர்போ இரண்டு லட்சம் கி.மீ. ஓடுகிறது. காரணம், ஓடும்போது அவை தொட்டுக்கொள்வதே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1883-இல் இங்கிலாந்தில், இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் ஆயில் தொட்டியில் முங்கியிருக்க, மேலே பேரிங் உட்கார்ந்திருந்தது. ஆயில் ஊற்றிப் பார்ப்பதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். கார்க்கைத் தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் தள்ளியது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது, பேரிங் மீது இருந்த சராசரிச் சுமையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிய அழுத்தம் தெரிந்தது. பம்ப் எதுவும் இல்லை. சுழலும் அச்சே ஆயிலை உள்ளே இழுத்து, தன் மேல் இருந்த சுமையை அந்தப் படலத்தின் மீது தூக்கி வைத்திருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்று 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். சுமை இருப்பதால் அச்சு துளையின் நட்ட நடுவில் நிற்பதில்லை, சற்றே விலகி நிற்கிறது. அதனால் ஒரு பக்கம் இடைவெளி அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் இருக்கும். பிசுபிசுப்பான ஆயில் அச்சின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அந்தக் குறுகலுக்குள் இழுபடுகிறது. இடம் போதாமல் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. மழையில் தேங்கிய தண்ணீர் மேல் வேகமாகப் போகும் கார், டயர் தரையைத் தொடாமல் வழுக்குகிறதே, அதுவும் கிட்டத்தட்ட இதைப் போன்றதுதான். அங்கே ஆளைக் கொல்லும் சங்கதி, இங்கே இயந்திரத்தைக் காப்பாற்றுகிறது. டர்போவுக்குள் அந்தப் படலத்தின் தடிமன் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

டர்போவில் இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வளவு வேகத்தில் ஆயில் படலம் அச்சைத் தாங்குவதோடு நிற்காது, அதைச் சுழற்றி அலைக்கழிக்கவும் தொடங்கும். அச்சு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே துளைக்குள் வட்டமடிக்க ஆரம்பிக்கும். வட்டம் பெரிதானால் சக்கரம் கூட்டில் உரசிவிடும். அதனால் பல டர்போக்களில் புஷ்ஷையும் இறுக்கிப் பொருத்தாமல் மிதக்க விட்டுவிடுகிறார்கள். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இன்னொரு படலம். அச்சு சுழலும்போது புஷ்ஷும் தன் பாட்டுக்கு மெதுவாகச் சுழல்கிறது. வெளிப்படலம் அதிர்வை விழுங்கிவிடுகிறது. எவ்வளவு அழகான தீர்வு! பிடித்து நிறுத்த முடியாததை மிதக்கவிட்டே அடக்கிவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் வாசகர் கேட்ட கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். இன்ஜினை ஆஃப் செய்த கணத்தில் ஆயில் பம்ப் நின்றுவிடும். பேரிங்குக்குள் மிச்சமிருக்கும் ஆயில் அங்கேயே தங்கும். ஆனால் டர்பைன் கூடு இன்னும் தகதகவென்று இருக்கிறது. அந்தச் சூடு அச்சு வழியாக மெல்ல ஊர்ந்து பேரிங்குக்கு வருகிறது. தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. ஒரு நாளில் எதுவும் ஆகாது. வருடக்கணக்கில் சேர்ந்தால் ஆயில் வரும் மெல்லிய குழாய் அடைபடும்.

ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் டர்போவைச் சுற்றி கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. இன்ஜின் நின்ற பிறகும் தேவைப்பட்டால் ஒரு சிறிய மின்சார பம்ப் அதைச் சுற்றவிட்டு டர்போவை ஆற்றும். வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது முன்பக்கம் லேசாக ஒரு முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம், அது கூலிங் வேலை. அதனால் அன்றாட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் காத்திருக்கத் தேவையே இல்லை. ஊட்டியிலிருந்து இறங்கி வரும்போது டர்போ கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும், கீழே வருவதற்குள் ஆறியும் விடும். கவனிக்க வேண்டியது ஏற்றத்தில்தான். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. அதே சக்தியைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். முழு மிதியில் ஏறிவந்து நேராகக் கடை வாசலில் நிறுத்தி ஆஃப் செய்வதுதான் தப்பு. நெடுஞ்சாலையில் வேகமாக வந்து ஹோட்டலுக்குள் திருப்பி உடனே அணைப்பதும் அதே கதைதான். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் போதும்.

சரி, வண்டியைப் பார்க்கப் போகும்போது? பலரும் ஏர் இன்டேக் குழாயைக் கழற்றி, கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு "ஆட்டம் இருக்கு, டர்போ போச்சு" என்று விலையைக் குறைப்பார்கள். மிதக்கும் பேரிங்கில் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஆயில் ஓடாதபோது அந்த இடைவெளி கைக்குத் தெரிவது இயல்பு. பார்க்க வேண்டியவை இரண்டு. சக்கரத்தின் விளிம்பு கூட்டில் உரசிய தடம் இருக்கிறதா? அச்சை முன்னும் பின்னும் இழுத்தால் அசைகிறதா? முன்பின் அசைவு கைக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது புது டர்போவின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

நீலப் புகையும் இப்படித்தான். புகை வந்தால் டர்போ செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். டர்போவுக்குள் போன ஆயில் தானாக வடிந்துதான் கீழே இறங்க வேண்டும். இன்ஜின் அடிப்பகுதியின் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு பழுதானால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் வடிய வழியில்லாமல் டர்போவின் முனைகள் வழியே கசியும். வால்வை மாற்றினால் தீர்ந்துவிடும் கோளாறுக்கு டர்போவை மாற்றுவார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். புது டர்போ போட்டு ஆறு மாதத்தில் அதுவும் போய், மூன்றாவதும் போன வண்டிகளை "ராசியில்லாத வண்டி" என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். பூஜை போட்டு எலுமிச்சை வைத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வண்டியின் ஆயில் குழாயை ஒர்க்ஷாப்பில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே கருநிறக் கரி பொருக்கு பொருக்காக ஒட்டி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. பழைய குழாயிலேயே புது டர்போவை மாட்டியிருக்கிறார்கள். ஆயில் வராத இடத்தில் படலம் எப்படி உருவாகும்? ராசியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் குழாயை அறுத்துப் பார்க்க மாட்டார்கள், அடுத்த டர்போவும் போகும். டர்போ மாற்றும்போது ஆயில் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள், பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

உராய்வைப் படிக்கும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். 1966-இல் பிரிட்டனில் வந்த ஜோஸ்ட் அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கையாண்டாலே அந்த நாடு ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சப்படுத்தலாம் என்று கணக்குச் சொன்னது. நம் ஊரில் ஐஐடி டெல்லி இதற்கென்றே ஒரு மையத்தை வளர்த்தது. ஆனாலும் ராக்கெட்டுக்கும் ஏஐக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளிகூட இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். நம் புழுதிக்கும் வெயிலுக்கும் நெரிசலுக்கும் எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு என்று இங்கேயே சோதித்துச் சொல்ல அரசு பணம் ஒதுக்க வேண்டும். கோவையில் பம்ப்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளுக்கும் அது அன்றாடம் உதவும்.

அதுவரைக்கும் என் கருத்து: ஃபோக்ஸ்வாகன் 502 00 தரச்சான்று உள்ள முழு சிந்தெடிக் ஆயில், 15,000 கி.மீ. வரை இழுக்காமல் 8,000 அல்லது 10,000-க்குள் மாற்றம். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில், குறைந்த தூரமே ஓட்டினால் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயில் மெலிந்த படலத்தைத்தான் தரும். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடிய குறைந்த கிலோமீட்டர் வண்டி, நெடுஞ்சாலையில் ஓடிய எண்பதாயிரத்தைவிட நல்லது என்று நினைக்க வேண்டாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மிதித்து முறுக்குவதும் கூடாது. கெட்டியான ஆயில் சூடேறி இலகுவாகும்வரை அமைதியாக ஓட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு ஒன்று காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும். அது கசிவது பரவலான கோளாறு. கசிந்திருந்தால், டார்ச் அடித்துப் பார்க்கும்போது கியர்பாக்ஸ் மேல் கூலன்டின் இளஞ்சிவப்புக் கறை காய்ந்திருக்கும். ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், அதற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழு மிதியில் சக்தி திணறினால் டர்போவின் மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் டைவர்ட்டர் வால்வையும், அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் குழாய் இணைப்புகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைந்ததென்று ஸ்கோடாவின் பழைய லாராவையோ பழைய சூப்பர்ப்பையோ பார்க்கிறீர்கள் என்றால், வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2012 வரை வந்த டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் அது நழுவி, செயின் பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் மோதிய கதைகள் நிறைய.

கடைசியாக, ரீமேப் செய்த வண்டியா என்று நேரடியாகக் கேளுங்கள். மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தை உயர்த்தினால் அச்சின் வேகமும் வெப்பமும் கூடும். செய்ததே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்த வண்டிக்கு ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்பதை பில்லோடு பார்க்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சுதான் என்றால், அதே விலைக்கு ரீமேப் செய்யாத வேறொரு வண்டி வரும்வரை காத்திருங்கள்.