மேட்டில் குளம், மோட்டார் இல்லாத நீரூற்று

ஜப்பானின் கனசாவா நகரில் உள்ள கென்ரோகு-என் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் படம் எடுப்பது, கசுமிகாஇகே குளக்கரையில் நிற்கும் கொத்தோஜி கல்விளக்கை. அதற்கு இரண்டு கால்கள். நெட்டைக்கால் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், குட்டைக்கால் கரைக்கல்லில் ஊன்றியிருக்கும். கொத்தோ என்ற இசைக்கருவியின் நரம்பைத் தாங்கும், குதிரை எனப்படும் சிறு கட்டையைப் போன்ற வடிவம் என்பதால் அந்தப் பெயர். படம் எடுத்த கையோடு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். எனக்கென்னவோ விளக்கைவிட அதன் பின்னால் இருக்கும் குளம்தான் விந்தையாகப் படுகிறது. மேட்டு நிலத்தில், ஆற்றுத் தண்ணீர் தானாக ஏறி வர முடியாத இடத்தில், 5,800 சதுர மீட்டர் தண்ணீர் எப்படி வந்தது?

தோட்டத்தின் பெயரிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. கென்ரோகு-என் என்றால் ஆறு குணங்களும் ஒருங்கே அமைந்த தோட்டம் என்று பொருள். விரிவு, தனிமை, கைத்திறன், பழமை, நீர், தொலைதூரக் காட்சி ஆகியவை அந்த ஆறு. பழைய சீனத் தோட்டக் குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்து 1822இல் வைத்த பெயர் இது. இந்த ஆறும் உண்மையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று சோடிகள். விரிந்து கிடந்தால் தனிமை இருக்காது. மனிதக் கை பட்டால் பழமை குன்றும். தண்ணீர் நிறைய வேண்டுமென்றால் பள்ளத்துக்குப் போக வேண்டும், தொலைவு தெரிய வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். முதல் இரண்டையும் தோட்டக்காரரின் ரசனை சமாளித்துவிடும். மூன்றாவதற்குப் பொறியாளர்தான் வேண்டும்.

அந்தப் பொறியாளர் தோட்டத்துக்காக வந்தவர் அல்லர். 1631இல் கனசாவாவில் பெருந்தீ. இன்றைய தோட்டத்தை அடுத்திருந்த கோட்டையும் எரிந்தது. சாய், அசனோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேட்டில் கோட்டை. தண்ணீர் இருபுறமும் கீழே ஓடுகிறது, எரியும் இடத்துக்கு ஏறி வர மறுக்கிறது. அப்போது அந்தப் பகுதியை ஆண்ட மயேதா குடும்பத்துப் பிரபு, ஆற்றிலிருந்து கோட்டைக்குக் கால்வாய் வெட்டச் சொன்னார். இதாயா ஹெய்ஷிரோ என்பவரின் பொறுப்பில் 1632இல் தட்சுமி கால்வாய் வந்து சேர்ந்தது.

அவர் செய்த தந்திரம் எளியது. கோட்டைக்கு அருகே ஆறு தாழ்வாக இருக்கிறது, சரி. ஆனால் அதே ஆறு மலைப் பக்கம் மேலே போகப் போக உயரத்தில் இருக்கிறதே! ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மேலே போய், கோட்டையைவிட உயரமான இடத்தில் சாய் ஆற்றை மறித்து, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் மேட்டின் விளிம்போடு கால்வாயை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆறு சடசடவென்று கீழே இறங்கிவிட, கால்வாய் உயரத்தைச் செலவழிக்காமல் சேமித்துக்கொண்டே வரும். வழியில் மலை குறுக்கிட்ட இடங்களில் சுரங்கம். சுரங்கத்தை இரண்டு முனைகளிலிருந்து மட்டும் தோண்டினால் நாளாகும் என்று, மலைச்சரிவின் பக்கவாட்டிலிருந்து பல துளைகள் போட்டு ஒரே நேரத்தில் பல இடங்களில் தோண்டியிருக்கிறார்கள்.

தோட்டத்து மேடு வரை வந்தாயிற்று. குளத்துக்குத் தண்ணீர் வந்த வழி இதுதான். கோட்டைக்கும் இந்த மேட்டுக்கும் நடுவே ஓர் அகழி. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். இதற்கு அவர்கள் சொன்ன பெயர் ஃபுசெகோஷி, அதாவது படுத்துக் கடப்பது. இன்றைய பொறியாளர்கள் தலைகீழ் சைஃபன் என்பார்கள். கொத்தனார் சுவர் மட்டம் பார்க்க நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டியூப் நடுவில் எவ்வளவு தொங்கினாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அந்தப் பக்கம் வழியும். அவ்வளவுதான் விஷயம். வாங்கும் முனையைவிடக் கொடுக்கும் முனை தாழ்ந்திருந்தால், நடுவில் உள்ள பள்ளம் ஒரு பொருட்டே இல்லை.

பள்ளம் பொருட்டில்லை என்றாலும் குழாய்க்கு அது பொருட்டுதான். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இணைப்பில் சிறு இடுக்கு இருந்தாலும் தண்ணீர் பீறிடும். முதலில் மரக்குழாய் போட்டார்கள், பிற்காலத்தில் கல்லைக் குடைந்த குழாய்களுக்கு மாறினார்கள்.

தோட்டத்து நீரூற்றும் இதே கதையின் தொடர்ச்சி. ஜப்பானின் மிகப் பழைய நீரூற்றாகக் கருதப்படும் இது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைக்கப்பட்டது. கோட்டைக்குள் தண்ணீர் ஏற்றுவதற்கான சோதனையாகச் செய்தது என்று சொல்வார்கள். மோட்டார் கிடையாது. மேலே கசுமிகாஇகே, கீழே குழாய்முனை. இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் தண்ணீரை ஏறத்தாழ 3.5 மீட்டர் எழுப்புகிறது. அவ்வளவு உயரம் எழ வேண்டுமானால் முனையை விட்டுக் கிளம்பும்போது வேகம் நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக, அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். குழாயில் உராய்வும் வெளியே காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால், ஊற்றின் உச்சி ஒருநாளும் குளத்தின் மட்டத்தை எட்டாது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் ஊற்றும் குள்ளமாகிவிடும்.

குளிர்காலத்தில் போனால் வேறொரு கணக்கைப் பார்க்கலாம். சைபீரியாவிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று, ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில் கொட்டுகிறது. சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இவ்வூர்ப் பழமொழி. இங்கே விழுவது பொடிப்பனி அன்று, ஈரப்பனி. அதே அளவு பொடிப்பனியைவிடப் பல மடங்கு கனம்.

பைன் மரக்கிளை, சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு மாதிரி. ஒரு முனையில் மட்டும்தான் பிடிப்பு. நெடுகச் சமமாகப் பாரம் ஏறினால், கிளை இரு மடங்கு நீளும்போது அடிப்பகுதியை முறிக்கப் பார்க்கும் திருப்பம் நான்கு மடங்காகும். நீண்டு படர்ந்த கிளைதான் அழகு, அதுதான் முதலில் ஒடியும். அதே கிளையின் நுனிக்கு ஓர் உறுதியான தாங்கல் கொடுத்தால் அடியில் விழும் திருப்பம் கால்பங்காகிவிடும். யுகித்சுரி என்னும் வேலை இதுதான். மரத்தின் நடுவே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிகள் போலக் கயிறுகளை இறக்கிக் கிளைகளைக் கட்டுகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கராசாகி என்னும் பைன் மரத்தில் வேலை தொடங்கும். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் 5 கம்பங்கள், சுமார் 800 கயிறுகள்.

பனி இல்லாத நாளிலும் அந்தக் கயிற்றுக் கூம்புகள் படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரவெல்லாம் ஈரப்பனி பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். எந்தக் கயிறு விறைத்து நிற்கிறது, எது தொய்ந்து கிடக்கிறது என்று கவனித்தால், எந்தக் கிளைக்கு எவ்வளவு சுமை என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும்.