சளி நெஞ்சில் இறங்கினால்

மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும்வரை சளிக்காய்ச்சல் வைரஸ் வெறும் தொல்லைதான். நுரையீரலின் அடியாழத்துக்கு இறங்கிவிட்டால் கதையே வேறு. அங்கே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு வழுவழுப்பான திரவப் படலம் காக்கிறது. அதைச் சுரக்கும் செல்களையே இன்ஃபுளுவென்சாவும் கோவிட் வைரஸும் தாக்குகின்றன. படலம் குறைந்தால் அறைகள் மடங்கிவிடும். வைரஸை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சியால் ரத்தக்குழாய்களும் கசிய, மிச்ச அறைகளில் நீர் நிரம்புகிறது. அந்த வழியாக ஓடும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலேயே திரும்பிவிடுகிறது.

இந்தச் சரிவை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சற்றுத் தாமதமாகத்தான் காட்டும். அளவு 97 சதவீதமாக இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறக்குறைய 95 மி.மீ. பாதரசம்; 90 சதவீதமாகும்போது சுமார் 60. திரையில் ஏழு புள்ளிதான் குறைந்திருக்கிறது, உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதற்குக் கீழே சரிவு செங்குத்து. எண் இறங்குமுன் உடல் மூச்சை வேகப்படுத்திச் சமாளிக்கப் பார்க்கும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. 30ஐத் தொட்டால் தீவிர நிமோனியாவின் அடையாளங்களில் ஒன்று. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு முழு நிமிடம் மூச்சையும் எண்ணிப் பாருங்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது, குழப்பமான பேச்சுதான் முதல் அறிகுறி.

எந்த வைரஸ் மோசமானது? குழந்தைகளின் நோய் என்றே பலரும் நினைக்கும் ஆர்எஸ்வி என்ற சுவாசப்பாதை வைரஸை நான் முன்னால் வைப்பேன். அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆர்எஸ்வியால் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஆக்சிஜனும் ஐசியூவும் தேவைப்பட்டது கோவிட், இன்ஃபுளுவென்சா நோயாளிகளைவிட அவர்களுக்கே அதிகம். தொற்றும் எல்லோருக்கும் அது கொடியது என்று இதற்குப் பொருளல்ல, படுக்கை வரை வந்தவர்களைப் பற்றிய கணக்கு இது. பெரியவர்களின் மூக்கில் இந்த வைரஸ் கொஞ்சமாகவே இருப்பதால் உடனடிப் பரிசோதனைகள் அதைத் தவறவிடுகின்றன, பிசிஆர்தான் பிடிக்கும்.

பாதிப்பு நுரையீரலோடும் நிற்பதில்லை. இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுவதாகக் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு 2018இல் காட்டியது. சிதைந்த சுவாசப்பாதையில் பாக்டீரியா குடியேறி இரண்டாவது நிமோனியாவைக் கிளப்புவதும் உண்டு. 1918 கொள்ளைநோயில் பெரும்பாலான உயிர்களைப் பறித்தது அதுதான்.

மருந்து கொடுக்கும் நேரமும் முக்கியம். இன்ஃபுளுவென்சாவுக்கான ஓசெல்டமிவிர் மருந்து, அறிகுறி தோன்றிய முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. ஆர்எஸ்விக்கோ, 2023 முதல் முதியோருக்குத் தடுப்பூசி இருக்கிறது. இதய நோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ள முதியவர் வீட்டில் இருந்தால், அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.