கிரிம்டார்க்: தமிழில் கொடுவிருள்

மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் தொடர் ஒன்றின் மூன்றாம் பாகத்தைப் பாதியில் மூடிவிட்டு, "இனி இதைத் தொடவே மாட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். இரண்டே நாளில் நான்காம் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். இப்படி ஆத்திரத்தையும் பிடிப்பையும் ஒருசேர உண்டாக்கும் கதைவகைக்கு ஆங்கில வாசகர்கள் வைத்த பெயர்தான் கிரிம்டார்க். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல் பிறந்தது நாவலில் இல்லை, விளையாட்டில். 1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 'வார்ஹாமர் 40,000' என்ற பொம்மைப் படை விளையாட்டை வெளியிட்டது. தொலைதூர எதிர்காலத்தின் கொடிய இருளில் போர் ஒன்றே உண்டு என்பது அதன் முழக்கம். அதிலிருந்த கிரிம், டார்க் இரண்டையும் ரசிகர்கள் ஒட்டவைத்தார்கள். முதலில் அது கேலிச்சொல். அப்புறம் வகைப்பெயராகவே நிலைத்தது. எழுத்தாளர் ஜோ அபர்கிராம்பி ட்விட்டரில் 'லார்ட் கிரிம்டார்க்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்.

டார்க் என்றால் இருள், சரி. கிரிம்தான் கவனிக்க வேண்டிய பாதி. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கொடிய, சீற்றம் மிகுந்த என்று பொருள். அதன் உறவுச்சொல்லான ஜெர்மன் 'கிரிம்' கடுஞ்சினத்தைக் குறிக்கும். வாசகருக்கு வரும் கோபம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது!

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2000இல் வெளியிட்ட 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல் தொடரின் மூன்றாம் பாகம். அதன் மணவிருந்துக் காட்சியைப் பாருங்கள். மேலே இசைக்குழு பாட்டை மாற்றுகிறது. மகனோடு விருந்துக்கு வந்த தாய், விருந்து வைத்த வீட்டுக்காரன் ஒருவனின் கையைப் பற்றுகிறாள். பட்டுத் துணிக்கு அடியில் இரும்பு வளையங்கள் தட்டுப்படுகின்றன. கவசம்! விருந்தாளிகள் உயிரோடு திரும்பப் போவதில்லை என்பது அந்தத் தொடுகையில் நமக்கும் தெரிந்துவிடுகிறது. எழுதவே மனம் வராமல், நாவலின் மற்ற பகுதிகளை முடித்த பிறகே இதை எழுதியதாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார். 2013இல் இது தொலைக்காட்சியில் வந்தபோது, அழுது அலறிய நண்பர்களைப் படம்பிடித்துப் பலர் இணையத்தில் ஏற்றினார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வெகுளி, அதாவது கோபம், பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அடித்தும் வைதும் வருத்துதல், கொல்லுதல். இந்த ஒரே நாவலில் நான்கும் இருக்கின்றன. வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவதில் வியப்பென்ன?

ஆனால் வெகுளி மட்டும் இருந்தால் நான்காம் பாகத்தைத் தேடமாட்டோம். தொடரின் முதல் நாவலில் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டவன் ஜெய்மி. அவனை மனதாரத் திட்டியவர்கள், மூன்றாம் நாவலில் அவன் வாள்கை வெட்டப்படும்போது அவனுக்காகவே கலங்குகிறார்கள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாத அந்தத் தவிப்புதான் இந்த வகையின் உயிர் என்பேன்.

ஆகவே 'இருண்ட மிகுபுனைவு' என்று சொன்னால் போதாது. பேயும் திகிலும் கலந்த டார்க் ஃபேண்டஸிக்கு அது பொருந்தும். காரிருள் அழகான சொல், ஆனால் அது இருட்டின் அடர்த்தியோடு நின்றுவிடுகிறது. எனக்குச் சரியாகப் படுவது கொடுவிருள். கொடு + இருள், நடுவில் வகர உடம்படுமெய். பழந்தமிழில் 'கொடு' என்பதற்கு வளைந்த, கோணிய என்றும் பொருள் உண்டு. செங்கோல் நேரானது, கொடுங்கோல் வளைந்தது. கொடுமையும் கோணலும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஜெய்மியைச் சொல்ல இரண்டுமே வேண்டும்.

கொடுவிருள் நாவல், கொடுவிருள் தொடர் என்று எழுதலாம். பேச்சிலும் இடறாது: "கொடுவிருள் கதைப்பா, யார் மேலயும் ரொம்பப் பாசம் வைக்காதே."